பம்பரில் இரண்டு குழாய்

இரண்டு குழாய்களுக்காகத்தான் நான் இலங்கைக்குப் போனேன். கோவிலும் கடலும் யானையும் இருக்கிற நாட்டுக்கு ஒரு மனுஷி குழாய் பார்க்கவா போவாள் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். கேட்டுக்கொண்டே என் பயணப் பையில் இட்லிப்பொடி டப்பாவையும் திணித்தார். கோயம்புத்தூர்க்காரர்கள் எங்கே போனாலும் அது இல்லாமல் போவதில்லை.

விஷயம் இதுதான். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற கையோடு ஒரு மோரிஸ் மைனர் கார் வாங்கினேன். குன்னூரில் ஒரு எஸ்டேட் பங்களாவின் ஷெட்டில், பின்சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த கார். அது தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கிவிடுவது என்று சபதம் எடுத்தேன். பழைய கார் பிடித்தவர்களுக்கு இது ஒரு வியாதி. எது கம்பெனி ஃபிட்டிங், எது நடுவில் வந்த மகராசன் ஒட்டவைத்தது என்று ஒவ்வொரு திருகாணியையும் சந்தேகப்படுவோம். என்ஜின் பக்கத்தில் ஒரு சின்னத் தகடு இருக்கும். எத்தனை கதவு, என்ன நிறம், எந்த நாட்டுக்கு அனுப்பச் செய்தது என்பதை அதிலுள்ள எழுத்தும் எண்ணும் சொல்லிவிடும். ஆனால் வாங்கியவர் ஹீட்டர் கேட்டாரா, பக்கத்து சீட்டுக்கு வெயில் தடுப்பு கேட்டாரா என்பதையெல்லாம் தகடு சொல்லாது. அதற்கு யாரும் கைவைக்காத இன்னொரு காரைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

அப்படித் தேடியபோதுதான் பழைய கார்க்காரர்களின் இணையக் குழுவில் பதுளை அருளப்பனின் கார் கண்ணில் பட்டது. என் காருக்குக் கூடப்பிறந்தது மாதிரி. அதே வருஷம், அதே நான்கு கதவு, அதே பச்சை. உள்ளே எல்லாம் அப்படியே இருந்தது. ஒன்று மட்டும் என் காரில் இல்லாதது. முன் பம்பரின் இரண்டு முனையிலும் மணிக்கட்டுப் பருமனில் நிமிர்ந்து நிற்கும் இரண்டு குட்டைக் குழாய்கள். எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. ஒரு ராத்திரி முழுக்க யோசித்து முடிவுக்கு வந்தேன்: மலைநாட்டுக்கு அனுப்பிய கார்களுக்குக் கம்பெனி கொடுத்த பனிவிளக்குத் தாங்கி. என் கார் குன்னூர், அது பதுளை. இரண்டும் பனி கொட்டும் ஊர். வேறென்ன வேண்டும்?

அருளப்பனுக்கும் அதையே எழுதினேன். "அபூர்வமான கம்பெனி ஃபிட்டிங், பத்திரம்" என்று. பிறகு பீளமேட்டு லேத்தில் போட்டோவைக் காட்டி அதே மாதிரி இரண்டு குழாய் செய்யச் சொல்லி, குரோமியம் பூசி, என் பம்பரில் மாட்டிவிட்டேன். எங்கள் ஊர்க் கார் கண்காட்சியில் 'அசல்' என்று ஒரு பிரிவு உண்டு. அதில் சேர்க்கலாமா என்று பார்க்க வந்த தெய்வசிகாமணி, குழாயை விரலால் தட்டி, "இதுக்கு ஆதாரம் இருக்குங்களா மேடம்?" என்றார். அந்த மனிதர் தட்டிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆதாரம் கொண்டு வருகிறேன் என்றேன். ஆதாரம் இல்லாவிட்டால் கார் அசல் பிரிவில் இல்லை என்றார். டிக்கெட் எடுத்துவிட்டேன்.

பதுளை ஸ்டேஷனில் அருளப்பன் குடையோடு நின்றார். மழை இல்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு வெயில் ஆகாது என்று யாரோ சொன்னார்களாம். கோயம்புத்தூருக்கு வெயில் தெரியாதா என்று சிரித்தேன். டயர் கடை வைத்திருக்கிறார், என்னைவிடச் சில வயது இளையவர். அவர் மனைவி ஸ்டெல்லா கான்வென்ட் பள்ளியில் நர்சரிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவள். நானும் பாடம் நடத்தியவள் என்று தெரிந்ததும் இருவருக்கும் நான் 'டீச்சர்' ஆகிவிட்டேன்.

கடைக்குப் பின்னால் வீடு. வந்ததும் பாண் வைத்தார்கள். பிரெட்டுக்கு அங்கே பாண் என்று பேர். அதை நம்மைப் போலச் சதுரச் சதுரமாக அடுக்காமல், கையால் பிய்த்துப் பருப்புக் கறியில் முக்கி, மேலே தேங்காய்ச் சம்பல் வைத்துச் சாப்பிடுகிறார்கள். சம்பலின் உறைப்பில் என் நாக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. இட்லிப்பொடி டப்பாவை நான் அந்த நாட்டில் திறக்கவே இல்லை. பிறகு பால் இல்லாத தேநீர், பிளேன்டீ. சர்க்கரையைக் கோப்பையில் போடாமல் உள்ளங்கையில் கொட்டிவிட்டாள் ஸ்டெல்லா. ஒரு நக்கு, ஒரு மிடறு. பல்டாக்டர் பார்த்தால் திட்டுவார், ஆனால் தேயிலையின் வாசனை அப்போதுதான் தனியாகத் தெரிகிறது.

ஷெட்டில் காரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கண்ணாடி ரப்பர்கூட மாறவில்லை. உள்ளே கண்ணாடியில் ஒரு ஜெபமாலை தொங்கியது. அருளப்பனின் அப்பா நமுனுகுலப் பக்கம் ஒரு தோட்டத்தில் துரைக்குக் கார் ஓட்டியவர். துரை சீமைக்குத் திரும்பியபோது காரை அப்பா வாங்கிக்கொண்டார். சில வருஷம் கார் படுத்துவிட்டது. பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் அதை எழுப்ப யாருக்கும் மனசு வரவில்லை. இப்போதுதான் என்ஜினைச் சரிசெய்து ஓடவைத்திருக்கிறார். கொழும்பில் நடக்கப்போகும் கண்காட்சிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது அவர் ஆசை.

சாயங்காலம் குழாய்களைத் தொட்டுப் பார்க்கலாம் என்று குனிந்தபோது வாசலில் ஆள் சத்தம். வெள்ளை வேட்டியில் ஒருவர், கையில் தாம்பாளம். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பழம். பின்னால் இரண்டு பேர். அருளப்பன் முகம் சுருங்கிவிட்டது.

"யாரு?" என்று ஸ்டெல்லாவிடம் மெல்லக் கேட்டேன்.

"முருகையா அண்ணன். தோட்டத்துக் கோயில் தலைவர். இவரோட ஒண்ணாப் படிச்சவரு. கார அழைக்க வந்திருக்காரு."

காரை அழைக்கவா? ஸ்டெல்லா சொல்லச் சொல்லத்தான் புரிந்தது. அருளப்பனின் அப்பா கார் ஓட்டிய அந்தத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் ஓடையிலிருந்து கரகம் எடுத்துவரும்போது இந்தக் கார்தான் முன்னால் போகும். துரை காலத்திலிருந்து அப்படி. அப்போது துரையின் கார் என்பதால் போனது. பிறகு, அது போகாவிட்டால் ஊர்வலமே இல்லை என்றாகிவிட்டது. வருஷா வருஷம் மனிதர்களை அழைப்பது போலவே வெற்றிலை பாக்கு வைத்துக் காரையும் அழைப்பார்கள். ஓட்டுகிறவர் வேதக்காரர், கிறிஸ்தவர் என்பது அங்கே யாருக்கும் ஒரு பொருட்டில்லை.

முருகையா நேராகப் போய்த் தாம்பாளத்தைக் காரின் பானட் மேல் வைத்தார்.

"இல்ல முருகையா," என்றார் அருளப்பன். "இந்த வருசம் வேணாம். இந்தா, டீச்சர் இந்தியாவுல இருந்து வந்திருக்காங்க. அந்தக் கொழாய் கம்பெனி ஃபிட்டிங். உலகத்துலயே ரெண்டு கார்லதான் இருக்கு. நீங்க அதுல வாழை மரத்த நட்டு, ஆட்டி, வளச்சு... நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா கொழும்புல என்னா மூஞ்சிய வச்சுக் காட்டுறது?"

உலகத்திலேயே இரண்டு கார் என்று நான் எழுதவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை.

முருகையா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. "நாங்க பொறந்ததுல இருந்து அதுலதாங்க வாழை வைக்கிறோம். கார் படுத்ததுல இருந்து அம்மனுக்குக் கரகம் எடுக்கல. கார் ஓடுதுன்னு கேள்விப்பட்டதும் லயத்துப் புள்ளைங்கள்லாம் சந்தோசத்துல ஆடுச்சுங்க."

"வைக்க வசதியா இருந்ததால வச்சிருப்பீங்க," என்றேன் நான். வகுப்பில் தப்பு விடை சொன்ன பையனிடம் பேசுகிற குரல் அது, எனக்கே கேட்டது.

"டீச்சர் நாளைக்குப் பாத்துச் சொல்லட்டும்," என்றார் அருளப்பன்.

"சரி. வச்ச தாம்பூலத்த நாங்க திருப்பி எடுக்கிறதில்ல. அங்கயே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு முருகையா படியிறங்கினார். பிளேன்டீகூடக் குடிக்கவில்லை. ஸ்டெல்லா கோப்பையோடு வாசல்வரை போய் நின்றுவிட்டு வந்தாள்.

மறுநாள் காலையிலேயே வேலையைத் தொடங்கினேன். என் தோள்பையில் ஸ்பேனர்கள், வெர்னியர் காலிப்பர், டார்ச், பூதக்கண்ணாடி எல்லாம் எப்போதும் இருக்கும். தகட்டைத் துடைத்துப் படித்தேன். ஏற்றுமதி, வலது கை ஸ்டீரிங், பச்சை. சரி. பக்கத்து சீட்டுக்கு வெயில் தடுப்பு இல்லை, அதற்கான துளையும் இல்லை. என் காரிலும் இல்லை, சரி. டேஷ்போர்டுக்குக் கீழே ஹீட்டர் குழாய்க்கு ரப்பர் மூடி போட்ட துளை. என் காரில் அதை வெல்டிங் வைத்து மூடியிருந்தார்கள், இப்போது திறக்கலாம். பின்சீட்டுத் தோலின் தையல்கூட எண்ணிப் பார்த்தேன். மனசு நிறைந்துவிட்டது. இந்த ஒரு காலைக்காகவே வந்திருக்கலாம்.

கடைசியில் குழாய். வெர்னியரால் அளந்துகொண்டு, கீழே படுத்துப் பார்த்தேன். முதலில் உறுத்தியது போல்ட். காரில் மற்ற எல்லா போல்ட்டும் நெருக்கமான திருகு மரை. இந்தக் குழாய்களைப் பிடித்திருந்தது மட்டும் அகலமான மரை, பழைய இயந்திரங்களில் வருகிற ஜாதி. மரை வித்தியாசத்தைப் பற்றி நானே எத்தனையோ பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்திருக்கிறேன். ஆனால் அன்று எனக்கு வேண்டிய விடை வேறு. கம்பெனியில் பழைய ஸ்டாக்கைப் போட்டிருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டேன். குழாயின் அடியில் ஒரு ஓட்டை. மழைத் தண்ணீர் வடிய வைத்திருக்கிறான் பார், வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான் என்று மெச்சினேன். உட்புறமெல்லாம் கறுப்பாக ஒரு கறை. துருப் பிடிக்காமல் இருக்கத் தார் பூசியிருப்பான். மனசு ஒன்றை முடிவு செய்துவிட்டால் மூளை அதற்கு எடுபிடியாகிவிடுகிறது.

"கம்பெனி ஃபிட்டிங்தான்," என்று எழுந்தேன்.

அருளப்பன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கடையில் டயர் மாற்ற வந்தவரிடமெல்லாம் சொன்னார். பிறகு முருகையாவுக்குப் போன் போட்டார். "இல்ல மச்சான்... அவங்க பாத்துட்டாங்க... நான் என்னா செய்ய?" அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, வைத்துவிட்டுக் கடைக்குள் போய்விட்டார். பானட் மேல் தாம்பாளம் அப்படியே இருந்தது. வெற்றிலை ஓரத்தில் சுருள ஆரம்பித்திருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் குழாய்களை எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

மதியம் ஸ்டெல்லா பலாக்காய்க் கறி வைத்தாள். நம் ஊரில் பலாவைப் பழமாகத்தான் மதிப்போம், அங்கே காயாக இருக்கும்போதே அதற்குச் சாப்பாட்டு மரியாதை. இரண்டாம் முறை சோறு வாங்கினேன். தெய்வசிகாமணியின் முகத்தை நினைத்துக்கொண்டு மூன்றாம் முறையும் வாங்கினேன்.

மூன்றாம் நாள் ஊர் பார்ப்பது என்று முடிவு. ஸ்டெல்லாவின் தம்பி பெனடிக்ட் அந்தத் தோட்டத்துத் தேயிலை ஃபேக்டரியில் டீமேக்கர். தேயிலை எந்தப் பக்குவத்தில் வாட வேண்டும், எப்போது அரைக்க வேண்டும் என்று தீர்மானிக்கிற உத்தியோகம். "வறண்ட காத்து அடிக்கிற மாசம் இது. ஊவாத் தேயிலைக்கு வாசம் ஏறுறதே இப்பதான். வாங்க காட்டுறேன்," என்று ஸ்டெல்லா கூட்டிப்போனாள்.

பசறை வழியாகப் போகிற பஸ். டிரைவர் தலைக்கு மேல் புத்தரும் பிள்ளையாரும் மாதாவும் ஒரே சீரியல் பல்பு வெளிச்சத்தில் இருந்தார்கள். பாட்டு காதைப் பிளந்தது. நம் ஊட்டி மலைப்பாதையில் வளைவுக்கு நம்பர் எழுதி, ஹாரன் அடி என்று எச்சரிப்பார்கள். இங்கே டிரைவர் ஒரு கையில் ஸ்டீரிங்கைச் சுழற்றிக்கொண்டே மறு கையால் கண்டக்டரிடம் வெற்றிலை வாங்கினார். ஒரு வளைவில் என் தோள்பை மடியிலிருந்து நழுவி வாய் திறந்தது. ஸ்பேனர்கள் கணகணவென்று பஸ் முழுக்க உருண்டன. முன்சீட்டுச் சிங்களப் பெண் ஒன்றைப் பொறுக்கிப் பக்கத்திலிருந்தவளிடம் ஏதோ சொல்ல, பஸ்ஸே சிரித்தது.

"என்ன சொன்னாங்க?"

"'இந்த அம்மா பஸ்ஸக் கழட்டி எடுத்துட்டுப் போக வந்திருக்காங்களா'ன்னு கேக்குறாங்க," என்றாள் ஸ்டெல்லா.

பசறைச் சந்தையருகே பஸ் நின்றபோது எல்லாம் கைமாறிக் கைமாறி என்னிடம் வந்து சேர்ந்தன. வெர்னியர் காலிப்பர் மட்டும் கடைசி சீட்டில் ஒரு பிக்குவின் மடியில் இருந்தது. அவர் அதைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

பசறை தாண்டியதும் பச்சை தவிர வேறு நிறம் இல்லை. நமுனுகுல மலை தலைக்கு மேல் நின்றது. லயம் என்று அங்கே சொல்லும் தொழிலாளர் வரிசை வீடுகள், கொழுந்துக் கூடையோடு பெண்கள், தார்ப்பாய் கட்டிய லொறி. நீலகிரியில் பார்த்ததுதான் எல்லாம். ஆனால் பேச்சைக் கேட்டால் திருச்சிப் பக்கம் பஸ் ஏறிய மாதிரி இருந்தது. கொழுந்து நிறுத்துப் போடும் இடத்தில் ஒரு பெண், "வாங்கக்கா, எந்த ஊரு?" என்று கேட்டாள். கோயம்புத்தூர் என்றதும், "எங்க ஆளுங்கள்லாம் துறையூர்ப் பக்கம்னு சொல்லுவாங்க. அங்க இன்னும் யாராச்சும் இருப்பாங்களாக்கா?" என்றாள்.

ஃபேக்டரி வாசலிலேயே வாசனை ஆளை இழுத்தது. பெனடிக்ட் பருத்த, சிரித்த முகக்காரர். மாடியில் இலை வாட்டும் தொட்டிகளைக் காட்டினார். ஒரு பிடி இலையைக் கையில் அமுக்கி விட்டார். அது உடையாமல் மெதுவாக விரிந்தது. "இப்பதான் பதம்," என்றார். பிறகு கீழே இலையை உருட்டும் இயந்திரங்கள் இருக்கும் கூடத்துக்குக் கூட்டிவந்தார். ஆள் உயரத்துக்குப் பெரிய வட்டமான ரோலர்கள், பித்தளைத் தட்டுமேல் சுழன்றுகொண்டிருந்தன. பழைய இங்கிலாந்து இயந்திரங்கள். நான் வாயைப் பிளந்து பார்த்தேன்.

பிறகு பிளந்த வாய் மூடவில்லை.

ரோலரின் இரும்புக் காலில், இரண்டு பக்கமும், நிமிர்ந்து நிற்கும் குட்டைக் குழாய்கள். மணிக்கட்டுப் பருமன். அடுத்த ரோலரிலும் இரண்டு. சலிக்கும் இயந்திரத்திலும் இரண்டு. ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். கொழுந்து லொறியின் பம்பரில் இரண்டு.

"பெனடிக்ட், இது... இது எதுக்கு?"

"எது? ஓ, அதா. ஆயுத பூசைக்கு வாழை வைக்கத்தான். எல்லா மெசின்லயும் இருக்கே," என்றார், கதவுக்குக் கைப்பிடி எதற்கு என்று கேட்டவளைப் பார்ப்பது போல.

ரோலர் ஓய்ந்ததும் உட்கார்ந்தேன். வெர்னியரை வைத்தேன். அதே அளவு. போல்ட்டைப் பார்த்தேன். அகலமான மரை, இயந்திரத்தின் மற்ற எல்லா போல்ட்டையும் போலவே. அடியில் ஓட்டை. உள்ளே டார்ச் அடித்தால் அதே கறுப்புக் கறை. தார் இல்லை, வாழைக் கறை. சட்டையில் பட்டால் எந்த சோப்புக்கும் போகாத, நான் பிறந்ததிலிருந்து திட்டிக்கொண்டிருக்கிற வாழைக் கறை. இங்கிலாந்தில் மோரிஸ் கார் செய்தவன் தேயிலை ரோலருக்குப் பனிவிளக்குத் தாங்கி செய்து அனுப்பியிருக்க மாட்டான். இந்த ஃபேக்டரி ஆட்கள், இயந்திரத்துக்குச் செய்தது போலவே துரையின் காருக்கும் செய்து மாட்டியிருக்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம்.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் என் காரின் பம்பரில் வாழைக்கன்றைச் சணல் கயிற்றால் கட்டி, கயிறு குரோமியத்தைச் சுரண்டுகிறதே என்று வீட்டுக்காரரோடு சண்டை பிடிப்பவள் நான். வாழை வைக்க ஒரு குழாய் என்பது எனக்கல்லவா முதலில் தோன்றியிருக்க வேண்டும்? வெள்ளைக்காரன் கார் என்றதும் விடையும் அவனிடமிருந்துதான் வரவேண்டும் என்று நினைத்துவிட்டேன். அவமானமாக இருந்தது. ஸ்டெல்லா என் முகத்தைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்து முடித்ததும், "அவருகிட்ட எப்படிச் சொல்லப் போறீங்க டீச்சர்?" என்றாள். அப்போது சிரிக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அருளப்பன் ஷெட்டில் குழாய்களுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். நேராகச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. ரோலரில் எடுத்த போட்டோவையும் காரில் எடுத்த போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினேன்.

அவர் போனைக் கையில் வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "நீங்கதானே டீச்சர் கம்பெனி ஃபிட்டிங்னீங்க?"

"நான்தான். தப்பாச் சொல்லிட்டேன்."

"நான் ஊரு முழுக்கச் சொல்லிட்டேனே."

"தெரியும். மன்னிச்சிருங்க. உங்க சிநேகிதரைத் திருப்பி அனுப்ப வச்சதுக்கும் சேர்த்து."

பாலிஷ் துணியைக் கீழே போட்டார். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவர் காரைச் சுற்றி வந்து குழாய் ஒன்றின் வாயில் உள்ளங்கையை வைத்து மூடினார். "எங்கப்பா இதுக்குள்ள விரல விட்டுத் தொடச்சு, கறையப் பாத்து ஏசுவாரு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. எதுக்கு ஏசுறாருன்னு ஒருநாளும் யோசிக்கல," என்றார். பிறகு பானட் மேலிருந்த தாம்பாளத்தில் ஒரு வெற்றிலையை எடுத்தார். வாடித் துவண்டு போயிருந்தது. காம்பைக் கிள்ளினார், நுனியைக் கிள்ளினார், பாக்கை வைத்து மடித்து வாயில் போட்டுக்கொண்டார். மென்றுகொண்டே போனை எடுத்தார்.

"முருகையா? கார் வருது மச்சான்... ஆமா... வாழை நல்ல கன்னாப் பாத்து வெட்டி வை."

அந்தப் பக்கத்திலிருந்து வந்த கூச்சல் ஸ்பீக்கர் போடாமலேயே எனக்குக் கேட்டது.

திருவிழாவன்று பின்சீட்டில் நானும் ஸ்டெல்லாவும். ஓடைக்கரையில் கார் நின்றதும் பெண்கள் வந்து பம்பருக்கு மஞ்சள் தடவினார்கள். முருகையா இரண்டு குழாயிலும் முதலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார், பிறகுதான் கன்றை இறக்கினார். ஒரு ஆப்பு இல்லை, கயிறு இல்லை. செருகியதும் சிப்பாய் மாதிரி நின்றது. மஞ்சள் தண்ணீர் அடி ஓட்டை வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. மழைக்கென்று நான் மெச்சிய ஓட்டை.

தப்பு முழங்கியது. பூவால் மூடிய கரகம் தலையில் ஏறியது. கார் முதல் கியரில் ஊர்ந்தது. ஜெபமாலை ஆடிய கண்ணாடி வழியாக அருளப்பன் பின்னால் வரும் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். கோயிலுக்கு ஏறும் மேட்டில் என்ஜின் இருமி நின்றுவிட்டது. எனக்கு உயிர் போனது. அவர்களுக்கு அது திருவிழாவில் ஒரு பகுதி. "ஓம் சக்தி" என்று ஒரே குரலில் கத்தித் தள்ளினார்கள். நானும் இறங்கினேன். முருகையா தன் பக்கத்தில் எனக்கு இடம் விட்டார்.

"தள்ளுங்க டீச்சர். கம்பெனிக்காரன் வரமாட்டான்," என்றார்.

எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். என் வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாக ஒரு பிழையைத் தள்ளிக்கொண்டு மலையேறியதில்லை. மேலே போனதும் லயத்துப் பெண் ஒருத்தி ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் கையில் வைத்தாள். கை மஞ்சளும் கிரீசுமாக இருந்தது. அப்படியே சாப்பிட்டேன்.

கோயம்புத்தூர் வந்ததும் முதல் வேலையாகத் தெய்வசிகாமணிக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னேன். அவர் குத்திக் காட்டவில்லை. அது அவர் பெருந்தன்மை, ஒப்புக்கொள்கிறேன். "பரவால்லைங்க. குழாயைக் கழட்டிடுங்க, அசல் பிரிவுல போட்டுடலாம்," என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தேன்.

அடுத்து வந்த ஆயுத பூஜைக்கு வீட்டுக்காரர் சணல் கயிறும் வாழைக்கன்றுமாக வந்தார். கயிறு வேண்டாம் என்றேன். குழாய்களில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கன்றுகளை இறக்கினேன். நேராக நின்றன. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் விளிம்பில் வழிந்து குரோமியம் முழுக்க மஞ்சளும் கறையுமாக ஒழுகியது. போட்டோவைப் பார்த்துச் செய்த லேத்துக்காரர் அடியை மூடிவிட்டிருந்தார். போட்டோவில் அடி தெரியவில்லையே, அவர் என்ன செய்வார்.

மறுநாள் தெய்வசிகாமணிக்குப் போன் செய்து, அசல் பிரிவில் என் பேர் வேண்டாம், சாதாரணப் பிரிவில் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். பிறகு குழாய்களைக் கழற்றினேன். ஏன் கழற்றுகிறாய் என்று வீட்டுக்காரர் கேட்டார். பீளமேட்டுக்குக் கொண்டுபோய் இரண்டிலும் அடியில் ஒரு ஓட்டை போட்டு வாங்கிவந்து, திரும்ப மாட்டினேன். பதுளையில் அப்படித்தான் இருக்கிறது.